போர்ச் இல்லாத வீடு

பெலிக்ஸ் ஒன்பது வருஷம் குவைத்தில் துணி துவைத்தார். பாலைவனத்து நடுவே இருந்த அமெரிக்க ராணுவ முகாம் ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. சிப்பாய்கள் பை பையாகக் கொண்டுவந்து போடும் சீருடைகளை எண்ணி, நம்பர் சீட்டு மாட்டி, துவைத்து, உலர்த்தி, மடித்துக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே வேலை. அதற்கு முன்பு ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணித் தறியில் நின்றவர் என்பதால் கால்வலி பெரிதாகத் தெரியவில்லை.

முகாமுக்குள் கேமரா போன் கொண்டுபோகக் கூடாது. அவர் வேலை பார்த்த இடத்தை மனைவி பரிபூரணம் கடைசிவரை பார்த்ததே இல்லை. அறைக்குத் திரும்பிய பிறகு போனில் கதையாகச் சொல்வார். ஒருமுறை ஒரு சட்டைப் பையில் குழந்தை வரைந்த படம் கசங்கிக் கிடந்தது. துவைக்கும் முன் அதை எடுத்து, லேசாக இஸ்திரி போட்டு, மடித்த சட்டையின் மேல் வைத்துக் கொடுத்தார். வாங்கிய சிப்பாய் கவுண்டரைச் சுற்றி வந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"மலை மாதிரி ஆளுட்டி. எனக்கு மூச்சே முட்டிருச்சு" என்று அவர் சொன்னதைக் கேட்டு, சொந்த ஊரான வன்னியம்பட்டியில் பரிபூரணமும் மகள் ஜாஸ்மினும் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது.

எட்டாவது வருஷம் ஊரில் வீடு கட்டத் தொடங்கினார்கள். பெலிக்ஸ் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். வாசலில் கார் நிறுத்த ஒரு போர்ச் வேண்டும்.

"நம்மகிட்ட கார் இல்லையே" என்றாள் பரிபூரணம்.

"வரும். நீ மொதல்ல போர்ச்சக் கெட்டு."

"சரிங்க."

வாரம் தவறாமல் வீடியோவில் வீடு வளர்ந்தது. சமையல் மேடை, மாடிப்படி, ஜன்னல் கம்பி எல்லாம் காட்டினாள். வாசல் பக்கம் மட்டும் போன் திரும்பவே இல்லை. கேட்டால் வெயில் கூசுது என்பாள். கொத்தனார் முத்துப்பாண்டியிடம் கேட்டால், "நல்லா வந்திருக்குண்ணே. நேர்ல வந்து பாருங்க" என்பார்.

போன டிசம்பரில் இரண்டு மாத லீவில் வந்தார். மதுரை விமான நிலையத்திலிருந்து வந்த வாடகைக் காரைத் தெருவில்தான் நிறுத்த வேண்டியிருந்தது. போர்ச் இருக்க வேண்டிய இடத்தில் ஷட்டர் போட்ட ஓர் அறை. உள்ளே ஐந்து தையல் மிஷின்கள். மூன்று பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தெரு அய்யம்மாள் எழுந்து, "வாங்கண்ணே" என்றாள்.

"போர்ச் எங்க?"

"இதான்" என்றாள் பரிபூரணம்.

ராஜபாளையத்துக் கம்பெனி ஒன்று வெட்டிக் கொடுக்கும் நைட்டித் துணிகளை அங்கே தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆரம்பித்து நாலு மாதம் ஆகியிருந்தது. பெலிக்ஸ் மாடிக்குப் போய் மேற்கே தெரிந்த மலையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் இறங்கவில்லை. பரிபூரணம் தட்டோடு ஏறி வந்தாள்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா வேண்டாம்பீங்க. பொறவு கெட்டினா உங்க பேச்ச மீறினதா ஆயிரும்."

"சொல்லாமக் கெட்டினா?"

அவள் சற்று யோசித்தாள். "அதுவும் மீறினதுதான்."

அடக்கிப் பார்த்தும் பெலிக்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "நீங்க போகும்போது ஜாஸ்மினுக்கு அஞ்சு வயசு. இப்ப ஒம்பதாவது படிக்கா. அப்பா இன்னும் எம்புட்டு வருசம் அங்க இருக்கணும்னு கேக்கா. நான் என்ன சொல்ல?"

அவர் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார்.

மூன்றாம் நாள், தைத்த நைட்டிகள் மலையாகக் குவிந்திருந்ததைப் பார்த்து, யாரும் சொல்லாமலே தரையில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தார். அடுக்கின் ஓரம் ஒரு நூல் விலகாமல் நின்றது. அய்யம்மாள் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "என்னண்ணே, நைட்டியெல்லாம் அட்டென்ஷன்ல நிக்கு" என்றாள். அன்று சாயங்காலம் கட்டுகளை மொபெட்டில் வைத்து அவரே ராஜபாளையம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அடுத்த வாரமும் அவரே போனார்.

வெளிநாடு போன பிறகு மூன்று தடவை லீவில் வந்திருந்தாலும் ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட அவரால் வீட்டில் இருக்க முடிந்ததில்லை. இந்த முறை மிஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தைக்கும் பெண்களின் வீட்டாரையெல்லாம் அழைத்து, அந்த அறையிலேயே பாய் விரித்துப் பிரியாணி பரிமாறினார்கள். ஜாஸ்மின் அப்பாவை விட்டு நகரவே இல்லை. தன் கோழித்துண்டை அவர் இலையில் வைத்துவிட்டு, அவருடையதை எடுத்துக்கொண்டாள்.

லீவு முடியப் பத்து நாள் இருக்கும்போது பெலிக்ஸ் பெட்டியைக் காலிசெய்து பரண்மேல் ஏற்றினார். பரிபூரணம் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவர், குவைத்தில் ஆறு வருஷம் தன்னோடு ஒரே அறையில் இருந்த வத்திராயிருப்பு பிரேம்குமாருக்குப் போன் போட்டு, தான் திரும்பி வரப்போவதில்லை என்றார்.

"அங்க மிஷின் ஏதும் சும்மா கெடக்கா?" என்று கேட்டார் பிரேம்குமார்.

பெலிக்ஸ் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"தைக்கத் தெரியுமான்னு கேளுங்க" என்றாள் அவள்.

"தெரியாதாம்."

"அப்ப வந்து நூல் பிசிறு வெட்டட்டும்."