மூன்றாவது வரியில் ஒரு மைனஸ்

சூளகிரிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் கணக்கு எடுக்கிறேன். வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை வகுப்பு என்னுடையது. ஆறரை மணிக்குக் கம்பெனி சட்டையோடு வந்து உட்காருவார்கள். ஆயில் வாசனை கரும்பலகை வரைக்கும் வரும். கணக்கு முடிந்ததும் "புரிஞ்சுதா? அர்த்த ஆய்தா? அர்த்தமைந்தா?" என்று தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் கேட்பேன். ஓசூர்ப் பக்கம் பாடம் எடுத்தால் அப்படித்தான். கேட்டுவிட்டு முகங்களைப் பார்ப்பேன். எவன் மண்டையை ஆட்டி ஏமாற்றுகிறான் என்று எனக்குத் தெரியாதா! நானே ப்ளஸ், மைனஸை மாற்றிப் போட்டுவிட்டால் போச்சு. கடைசி பெஞ்சில் ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், "மேடம், சைன்!" என்று கத்துவார். தூங்குகிறவன்கூட எழுந்து சிரிப்பான்.

போன வருஷம் அந்த வகுப்பை வீடியோவாக மாற்றிவிட்டார்கள். நியாயம்தான், நானே ஒத்துக்கொள்கிறேன். வாரா வாரம் ஷிப்ட் மாறுகிறவன் தினமும் எப்படி வருவான்? பஸ்ஸிலோ கேன்டீனிலோ முடிந்தபோது பார்த்துக்கொள்ளட்டும். எல்லாம் சரி, எனக்குத்தான் முகங்கள் போயின. ஏசி அறையில் ஒரு கேமரா, அதற்குப் பின்னால் முன்பு கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவர். பழக்க தோஷம், அங்கேயும் மூன்று பாஷையில் கேட்டுவிட்டு நிறுத்துவேன். அவர் அதையெல்லாம் வெட்டிவிடுவார். "யாரும் பதில் சொல்லப் போறதில்லையே மேடம், சும்மா இருக்கற இடம்தானே?" என்பார்.

வீட்டிலும் நான் ஒருத்திதான். ராயக்கோட்டை ரோட்டில் சின்ன வீடு, ஒரு வேளைக்கு அரை டம்ளர் அரிசி. அந்த மாலை வகுப்பு போனபிறகு, சனிக்கிழமை மூடிய வாய் திங்கட்கிழமைதான் திறக்கும்.

ஒரு நாள் என் வீடியோவை நானே போட்டுப் பார்த்தேன். மூன்றாவது வரியில் அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது, மைனஸும் மைனஸும் சேர்ந்து ப்ளஸ் ஆகவேண்டிய இடத்தில் மைனஸையே போட்டிருக்கிறேன். அட கடவுளே, எட்டாம் வகுப்புப் பிள்ளை பண்ணாத தப்பு! வீடியோக்காரர், "பத்து நிமிஷ வேலை, திருப்பி எடுத்துடலாம்" என்றார். நான்தான், "இருக்கட்டும், பசங்க கண்டுபிடிக்கறாங்களான்னு பாப்போம்" என்றேன். அவரிடம் சொன்னது அது. உண்மை என்னவென்றால், யாராவது "மேடம், சைன்!" என்று கத்தவேண்டும் எனக்கு. எதிர்ப்பக்கம் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

மூன்று மாதம் காத்திருந்தேன். தினமும் காலையில் காபியோடு போனை எடுத்துப் பார்ப்பேன். பார்த்தவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. கீழே "நோட்ஸ் அனுப்புங்க மேடம்" என்று இரண்டு பேர், கும்பிடு போடும் கைகள் ஏழெட்டு. வாட்ஸ்அப் குழுவில் ஆயுத பூஜை வாழ்த்துகூட வந்தது. மைனஸைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. "தண்டங்களா, ஓட விட்டுட்டுத் தூங்கறீங்களா?" என்று போனைத் திட்டினேன். கோபம் கோபமாக வந்தது. அதே கோபத்தில் மாதத் தேர்வுக்கும் அந்தக் கணக்கையே கொடுத்தேன். தேர்வு அறையில் மேற்பார்வைக்கு வேறு ஆள், எனக்குத் தாள்கட்டு மட்டும்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாள்களைப் பிரித்தேன். முதல் தாளில் மைனஸ். இரண்டாவதிலும் மைனஸ். முப்பத்தேழு தாளிலும் மூன்றாவது வரியில் மைனஸ்தான். ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் எழுதிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் பார்த்தால், அடைப்புக்குறிக்குக் கீழே நான் போடுகிற சின்ன அம்புக்குறி எல்லாத் தாளிலும் இருக்கிறது. விடைக்கு அடியில் என்னுடைய இரட்டைக் கோடும் இருக்கிறது. ஒருவர் விடாமல் எல்லோரும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். நான் அவர்களைத் தண்டங்கள் என்றேன்.

கடைசி பெஞ்சுக்காரரின் தாளில் ப்ளஸ் போட்டு, அதை அடித்து, மைனஸ் எழுதியிருந்தது. ஓரத்தில் பென்சிலில் இப்படி இருந்தது: "மேடம், எனக்கு ப்ளஸ்தான் வருது. நிறுத்தி நிறுத்திப் பாத்தேன், நீங்க மைனஸ் போட்டிருக்கீங்க. தப்பு என்னோடதாத்தான் இருக்கும். நேர்ல இருந்தா கேட்டிருப்பேன்."

அழுதேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பட்டியலில் அவர் நம்பரைத் தேடி உடனே போன் போட்டேன். ஓவர்டைமில் இருந்தார், பின்னால் மெஷின் சத்தம்.

"அண்ணா, நீங்க போட்ட ப்ளஸ்தான் சரி. தப்பு என்னோடது. எனக்கு முன்னாடியே தெரியும், சொல்லாம விட்டுட்டேன்."

"பாத்தீங்களா! நான் அப்பவே நெனச்சேன் மேடம்!" என்று மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

மூன்று மாதமாக நான் ஏங்கிக் கிடந்த கூச்சல். அதைக் கேட்டுச் சிரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, "நல்லவேளை கூப்டீங்க மேடம். இந்த வயசுல படிப்பு நம்ம மண்டையில ஏறாது போலன்னு, நாளைக்கு வந்து பேரை எடுத்துடச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார்.