வராதீங்கக்கா

“கடலா? இருக்கு. எங்க போகப்போகுது? ஆனா பார்க்கிற மாதிரி இல்லம்மா. சேத்தக் கரைச்சு விட்ட மாதிரி இருக்கு. காத்தடிச்சா மணல் கண்ணுல விழும், அடிக்கலன்னா கொசு. கரண்ட் போறப்பவும் சொல்லாது, வர்றப்பவும் சொல்லாது. குழந்தைங்களக் கூட்டிட்டு வர்றதா இருந்தா வேண்டாம். கூட்டிட்டு வரலன்னாலும் வேண்டாம். வராதீங்க.”

பட்டென்று போனை வைக்கும் பழக்கம் அக்காவுக்கு இல்லை. எதிர்முனை தானாக ஓயும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். ஓய்ந்ததும் ரிசீவரை வைத்து, உப்புக்காற்று படாமல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, மேசைமேல் இருக்கும் நோட்டில் தேதி போட்டு எழுதுவார்: ‘ஒருவர் கேட்டார். சொல்லிவிட்டேன்.’

கடலைப் பார்த்து நிற்கும் பன்னிரண்டு அறை லாட்ஜுக்கு அவர்தான் முதலாளி. மழைக்காலத்தில் மேனேஜர், சமையல், கூட்டிப் பெருக்குவது எல்லாமும் அவரே. சீசனில் மூன்று பேர் வேலைக்கு இருப்பார்கள். முதல் மழை விழுந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதன் பிறகு நான்கு மாதத்துக்கு அந்தக் கடற்கரையில் மிஞ்சுவது ஒரு பஸ் நிறுத்தம், அதற்கு எதிரே ஒரு டீக்கடை, வாரத்தில் மூன்று நாள் திறக்கும் தபால் ஆபீஸ், கரையில் கவிழ்த்துப்போட்ட படகுகள். அப்புறம் அக்கா.

‘வராதீங்கக்கா’ என்று பெயர் வைத்தவர் டீக்கடைக்காரர். வழி கேட்டு யாராவது வந்தால், “வராதீங்கக்கா லாட்ஜுக்கா? நேராப் போங்க. அவங்க வேண்டாம்னு சொல்லுவாங்க, அதக் காதுல போட்டுக்காதீங்க” என்பார். அக்காவின் காதுக்கும் இந்தப் பெயர் போயிருக்கிறது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “சொல்றதத்தானே சொல்றாரு” என்றார்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. குள்ளம். ஆண்கள் போடும் மழைக்கோட்டைக் கை மடித்துப் போட்டுக்கொள்வார். திங்கள்கிழமை ஒற்றைப்படை அறைகளையும் வியாழக்கிழமை இரட்டைப்படை அறைகளையும் திறந்து காற்று விடுவார். மெத்தைகள் எல்லாம் தப்புச் செய்த பிள்ளைகள் போலச் சுவரைப் பார்த்து நிற்கும். ஒவ்வொன்றையும் திருப்பி வைத்து, முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவார். பூட்டுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் விடுவார். ஒரு அறையின் கதவு ஈரத்தில் ஊதி மூட மறுத்தால், “சரி, உன் இஷ்டம்” என்று அடுத்ததற்குப் போய்விடுவார். கதவோடு மல்லுக்கட்டுவது அவருக்குப் பிடிக்காது.

துல்லியம் அவருக்கு ஒரு வியாதி. பத்து மணி பஸ் எப்போது வரும் என்று கேட்டால், “பத்தே காலுக்கு வரும். பத்தே முக்காலுக்கு வந்தாலும் ஆச்சரியப்படாதீங்க. வராமப் போனதும் உண்டு” என்பார். டீ நன்றாக இருக்கிறதா என்று டீக்கடைக்காரர் ஒரு தடவை கேட்டுவிட்டார். மறு தடவை கேட்கவில்லை.

லாட்ஜ் அப்பா கட்டியது. அக்காவுக்கும் தம்பிக்கும் பொது. தம்பி நகரத்தில் இருந்துகொண்டு விளம்பரம் கொடுக்கிறார். நீலக் கடல், வெள்ளை நாற்காலி, குடை. அந்த நாற்காலி எந்த ஊர் நாற்காலி என்று அக்காவுக்குத் தெரியவில்லை. அவர் விளம்பரம் கொடுக்கக் கொடுக்க, இவர் போனில் வராதீங்க என்று சொல்லிக்கொண்டிருப்பார். சந்தேகப்பட்ட தம்பி ஒரு நாள் குரலை மாற்றிக்கொண்டு, “ரூம் கிடைக்குமா சார்?” என்று கேட்டார்.

“என்ன தம்பி, ஜலதோஷமா?” என்றார் அக்கா.

தம்பி சொந்தக் குரலில் கத்தினார். “இந்த மழைக்காலத்துல ஒரே ஒரு ரூமாவது நிறையணும்க்கா. இல்லன்னா வேற ஆளுகிட்ட விட்டுட வேண்டியதுதான். அவங்க பார்த்துக்குவாங்க. நீ எங்கிட்ட வந்து இருந்துடு.”

“விடுறதுன்னா விடு. பொய் சொல்ல மட்டும் என்னக் கூப்பிடாத.”

வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. அன்றைக்குப் போன்மேல் துண்டை இரண்டு தடவை எடுத்து எடுத்துப் போர்த்தினார். நோட்டில் எதுவும் எழுதவில்லை.

அவர் பொய்யே சொல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. ஒன்று சொல்வார். சீசனில் கூட்டம் பிதுங்கும்போதுகூட நாலாம் நம்பர் அறையைத் தரமாட்டார். “குழாய் ரிப்பேர்” என்பார். எட்டு வருஷமாக அந்தக் குழாய் ரிப்பேர்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், இதே மழைக்காலத்தில், ஒரு பெண் போன் செய்து கடல் எப்படி இருக்கும் என்று கேட்டார். லாட்ஜ் காலியாகக் கிடந்தது. தம்பி அப்போதும் கத்திக்கொண்டுதான் இருந்தார். “கண்ணாடி மாதிரி இருக்கும்மா, வாங்க” என்றார் அக்கா. ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் வந்து நாலாம் நம்பரில் இறங்கினார்கள். ஐந்து நாள் விடாமல் மழை. ஆறாம் நாள் காலை கடைக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டாவது டீ கேட்டார். அக்கா டீயோடு வந்தபோது அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ரோட்டில் தண்ணீர். வண்டி வர மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்த மூன்று மணி நேரமும் கட்டிலின் ஒரு பக்கம் மனைவி, மறு பக்கம் அக்கா. வண்டி போன பிறகு அக்கா ஆறிப்போன டீயைக் கொட்டி, டம்ளரைக் கழுவி வைத்தார். அன்றிலிருந்துதான் ‘வராதீங்க’.

இந்த வருஷம், மழை தொடங்கி மூன்றாவது வாரத்தில், ஒரு பெண்குரல் போனில் வந்தது.

“கடல் தெரியற ரூம் ஒண்ணு வேணும்.”

“தெரியாதும்மா. மழை மறைச்சிடும்.”

“சரி.”

“கரண்ட் போகும்.”

“போகட்டும்.”

“சாப்பாடு சுமார்தான். நான்தான் சமைக்கிறேன். ஜன்னல்கூட ஒண்ணு சரியா மூடாது.”

“எது, நாலாம் நம்பர் ரூம்லயா? இன்னும் சரி பண்ணலையா?”

அக்கா வாயைத் திறந்தார். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, எதிர்முனை முந்திக்கொண்டது. “செவ்வாக்கிழமை வர்றேன்.” நோட்டில் அக்கா எழுதினார்: ‘ஒருவர் கேட்டார்.’ மேலே எழுதத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை பஸ் பத்து ஐம்பதுக்கு வந்தது. அறுபதைத் தாண்டிய ஒரு அம்மாள், ஒரே ஒரு பையோடு, நனைந்துகொண்டு வந்து மேசைக்கு முன்னால் நின்றார். முடி முழுக்க வெளுத்திருந்தது. மற்றபடி அதே முகம். ஜெராக்ஸ் கடைக்காரரின் மனைவி. அக்கா எழுந்து நின்றார். “நனைஞ்சிட்டீங்க” என்றார்.

“மழை பெய்யுதில்ல” என்றார் அந்த அம்மாள். “நாலாம் நம்பர் இருக்கா?”

“குழாய் ரிப்பேர்.”

அந்த அம்மாள் சாவிக்குக் கையை நீட்டினார். அக்கா கொடுத்துவிட்டார். பத்து நிமிஷம் கழித்து மாடிப்படியிலிருந்து குரல் கேட்டது. “குழாய்ல தண்ணி நல்லாத்தானே வருது?”

“வரும்” என்றார் அக்கா.

அந்த அம்மாள் நான்கு நாள் இருந்தார். காலையில் ரொட்டி, முட்டை. மத்தியானம் சோறும் மீனும். உப்பு கூடுதல் என்றார். கூடுதல்தான் என்று அக்கா ஒப்புக்கொண்டார். மற்ற நேரமெல்லாம் அந்த அம்மாள் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஒரு வேலையும் இல்லாமல் மாடிக்கு ஏறி இறங்கினார். வியாழக்கிழமை இரட்டைப்படை அறைகளைத் திறந்தவர், நாலாம் நம்பர் வாசலில் மட்டும் எண்ணெய்ப் புட்டியோடு நின்றார். திட்டுவதானால் சீக்கிரம் திட்டிவிட்டுப் போகட்டும் என்று அவருக்கு இருந்தது.

“உள்ள வாங்க. கதவு ஒண்ணும் தேள் மாதிரி கொட்டிடாது” என்றார் அந்த அம்மாள்.

அக்கா உள்ளே வந்தார். உட்காரவில்லை.

“கடல் கண்ணாடி மாதிரி இருக்கும்னு அன்னைக்கு நான்தான் சொன்னேன்.”

“ஞாபகம் இருக்கு.”

“அது பொய்.”

“தெரியும். பஸ்ஸ விட்டு இறங்கினப்பவே தெரிஞ்சுது.”

“அப்ப ஏன் திரும்பிப் போகல?”

“நான் போகலாம்னுதான் சொன்னேன். அவருதான், வந்தது வந்தாச்சு, இருந்துட்டுப் போவோம்னாரு.” அந்த அம்மாள் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டார். “முப்பத்தோரு வருஷம் கடைய ஒரு நாள் மூடினதில்ல. நான் கூப்பிடறப்பல்லாம், ‘யாராவது அவசரமா காப்பி எடுக்க வந்தா?’ன்னு கேப்பாரு. ஊருல வேற மெஷினே இல்லாத மாதிரி. மெஷின் சுவத்தப் பார்த்து இருக்கும். அதனால நான் அவரோட முதுகத்தான் ஜாஸ்தி பார்த்திருக்கேன். இங்க அஞ்சு நாள் வெளிய போக வழியில்ல. எதிர்ல உக்காந்து பேசினாரு. ஒரே பேச்சு. பாதி எனக்குத் தெரிஞ்ச கதைதான். இருந்தாலும் கேட்டேன்.”

“இங்க வராம இருந்தா…”

“கடையில போயிருப்பாரு. அன்னைக்கே போயிருப்பாரு. இதயம் அப்படி இருந்திருக்கு. ஆஸ்பத்திரியில டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு.”

“எனக்கு யாரும் சொல்லலையே.”

அந்த அம்மாள் நாற்காலியை முழுசாக அக்கா பக்கம் திருப்பினார். “உங்களுக்கு ஒரு கடுதாசி போடணும்னு நினைச்சேன். இன்னைக்கு, நாளைக்குன்னு தள்ளிப்போச்சு. நீங்க இத மனசுல வச்சுட்டிருப்பீங்கன்னு தோணல. அது என் தப்புதான்.”

“மோட்டார் போட்டுட்டு வந்தேன்” என்றார் அக்கா. “நிறுத்தணும்.”

கீழே போனவர் வெகுநேரம் வரவில்லை. மேல்தொட்டி நிரம்பி, வழிந்து, ஜன்னலுக்கு வெளியே அருவியாகக் கொட்டியது. அந்த மழையில் அதைத் தனியாகக் கண்டுபிடிக்க அந்த அம்மாளைப் போல ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால்தான் முடியும். அவர் கண்டுபிடித்தார். ஆனால் கூப்பிடவில்லை. அரைமணி கழித்து மோட்டார் நின்றது. பிறகு அக்கா டீ கொண்டுவந்தார். முகம் கழுவியிருந்தார். இரண்டு டம்ளர் இருந்தது. உட்கார்ந்தார்.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் இருவரும் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. யாரோ ஒரு ஆள், மனைவியோடு வரலாமா என்று கேட்டார். அக்கா வழக்கம்போல் ஆரம்பித்தார். கடல் கலங்கல், மழை விடாது, கரண்ட் போகும், சாப்பாட்டில் உப்பு கூடுதலாக இருக்கும் என்று வாடிக்கையாளர் ஒருவர் இப்போதுதான் சொன்னார். அந்த அம்மாள் தலையை நிமிர்த்தாமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப என்னதாங்க இருக்கு அங்க?” என்று எதிர்முனை அலுத்துக்கொண்டது.

இந்த இடத்தில் ‘ஒண்ணுமில்ல, வராதீங்க’ என்பது அக்காவின் வழக்கம். அவர் ரிசீவரை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினார்.

“நான் இருக்கேன்” என்றார்.

எதிர்முனையில் அந்த ஆள் மனைவியிடம் ஏதோ கேட்பது கேட்டது. திரும்பி வந்து பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். அக்கா பத்தே கால் என்றார், பத்தே முக்கால் என்றார், வராமல் போனதும் உண்டு என்றார். “எதுக்கும் குடை கொண்டுவாங்க” என்றும் சொன்னார். வியாபாரம் என்ற வகையில் அதுவே அவருக்கு அதிகம். சாயங்காலம் தம்பிக்குப் போன் செய்து, இந்த மாதத்தில் இரண்டு அறை என்றார். தம்பி நம்பவில்லை. நம்பாவிட்டால் வந்து எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

சனிக்கிழமை அந்த அம்மாள் கிளம்பினார். வந்தவர்களை வழியனுப்பும் வழக்கம் அக்காவுக்குக் கிடையாது. சாவியை வாங்கிக்கொள்வதோடு சரி. அன்றைக்கு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, “அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு” என்று கூடவே நடந்தார். அந்தப் பக்கம் பஸ் நிறுத்தத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. டீக்கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

பஸ் வந்தது. “அடுத்த வருஷம் அந்த ஜன்னலச் சரி பண்ணி வைங்க” என்றார் அந்த அம்மாள், படியில் ஏறிக்கொண்டே.

“சொல்ல முடியாது. தச்சர் ஒழுங்கா வர்ற ஆள் இல்ல” என்றார் அக்கா.

கண்டக்டர், “நீங்க ஏறலையா?” என்று கேட்டார். அக்கா இல்லை என்று தலையை ஆட்டினார். பஸ் நகர்ந்தது. ஜன்னல் கண்ணாடியில் பூத்திருந்த ஆவியை யாரோ உள்ளேயிருந்து உள்ளங்கை அளவுக்குத் துடைத்தார்கள். அக்காவின் கை மழைக்கோட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து, தலைக்கு மேல் உயர்ந்து, இரண்டு மூன்று தடவை ஆடியது. பஸ் வளைவில் திரும்பி மறைந்த பிறகும் அது இறங்கவில்லை.

எதிரே டீக்கடைக்காரர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தூக்கிய கையை அப்படியே மல்லாத்தி, கொட்டுகிற மழையில் உள்ளங்கையைக் காட்டி, மழை பெய்கிறதா என்று பார்த்தார்.