அருந்ததியின் மச்சச் சட்டி

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த வீடு என்று சொன்னால் கேட்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். அருந்ததியின் வீட்டில் கடலைப் பார்த்தது பின் பல்கனி ஒன்றுதான். அந்தப் பல்கனியில், உடுப்புக் காயும் கொடிக்குக் கீழே, மண்ணெண்ணெய் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து மீன் குழம்பு வைத்தே அவளுடைய குடும்ப வாழ்க்கையில் பாதி போய்விட்டது. கடற்காற்றுக்கு அடுப்பு அணையும். மூட்டினால் மறுபடி அணையும். காகங்கள் கம்பியில் வரிசையாக இருந்து விடுப்புப் பார்க்கும். உள்ளே குசினியில் காஸ் குக்கர் சும்மா கிடக்கும்.

காரணம் மச்சாள். கணவர் இரத்தினசிங்கத்தின் அக்கா சிவக்கொழுந்து, சுத்த சைவம். கல்யாணம் கட்டாமல் தம்பியோடேயே இருந்துவிட்டவர். அருந்ததி அந்த வீட்டுக்குள் கால் வைத்த அன்றே குசினி அவர் கையில் இருந்தது. மச்சம், அதாவது மீன் இறைச்சி, உள்ளே வரக்கூடாது என்று அவர் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. பிடித்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். மீன் மணம் பட்டால் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் போய்ப் படுத்துவிடுவார். அதற்கு என்ன பதில் சொல்வது? அருந்ததியோ கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். மீன் இல்லாத சோறு அவளுக்குச் சோறே இல்லை. இன்சூரன்ஸ் கொம்பனியில் பகல் முழுக்க டைப் அடித்துவிட்டு வந்து, நெளிந்த அலுமினியச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போவாள். முதுகு நோவும். யாரிடம் சொல்வது?

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சமிருந்தது. நல்ல சில்வர்ச் சட்டி செட் ஒன்று வாங்க வேண்டும். அதில் ஒன்று, ஒன்றே ஒன்று, மச்சச் சட்டியாக இருக்க வேண்டும். குசினிக்குள்ளே, காஸ் குக்கருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று அதில் மீன் குழம்பு வைக்க வேண்டும். இரத்தினசிங்கம் ஓம் என்றார். அவர் எல்லாவற்றுக்கும் ஓம் என்பவர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்று பயந்துகொண்டு மச்சாளிடமும் கேட்டாள்.

"ஒண்டை நீர் வைச்சிரும் அருந்ததி. நான் வேண்டாமெண்டே சொன்னனான்?" என்றார் மச்சாள்.

அருந்ததிக்கு நம்ப முடியவில்லை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று அடுத்த புதன்கிழமையே கணவரை இழுத்துக்கொண்டு புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போனாள்.

அங்கே போன பிறகுதான், இரத்தினசிங்கம் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருப்பது தெரிந்தது. நல்ல சில்வரில் காந்தம் ஒட்டாதாம். முதல் கடையில் ஒவ்வொரு சட்டியையும் கவிழ்த்துக் காந்தத்தை வைத்தார். டக்கென்று ஒட்டியது. கள்ளச் சாமான் என்று வெளியே வந்துவிட்டார். இரண்டாவது கடையிலும் அதே கூத்து. அருந்ததி வெயிலில் நின்று பல்லைக் கடித்தாள். அவளுக்கு வேண்டியது வாய் அகன்ற, அடி தடித்த, புளி கொதித்தாலும் அடி பிடிக்காத ஒரு சட்டி. மனிதரோ இரும்புக்கடைக்காரன்போல அடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது கடை இஸ்ஸதீனுடையது. அடியில் வைத்து அழுத்தியிருக்கும் தகட்டில்தான் காந்தம் ஒட்டும், பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். பக்கத்தில் ஒட்டவில்லை. இரத்தினசிங்கத்துக்கு அதிலும் சந்தேகம்தான். அருந்ததி அதற்குள் தன் சட்டியைக் கண்டுவிட்டாள். அகன்ற வாய், இரண்டு காது, தூக்கினால் கைக்கு அடங்கிய பாரம். அதை மட்டும் தரமுடியுமா என்று கேட்டுப் பார்த்தாள்.

"செட்டப் பிரிச்சித் தர ஏலா நோனா. மிச்சத்த யாருக்கு விக்கிற?"

சரி, ஐந்தும் வரட்டும் என்று சீட்டுக் காசை எடுத்து வைத்தாள். த்ரீவீலரில் நான்கு சட்டிகள் காலடியில் வந்தன. அந்த ஒன்று அவள் மடியில் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாறிப்போகாமல் இருக்க அதன் காதில் ஒரு சிவப்பு ரிபன் கட்டினாள். மச்சாளிடமும் அதைக் காட்டினாள். அவர் தலையாட்டினார். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகச் சந்தைக்குப் போய், மீன்காரனோடு சிங்களத்தில் மல்லுக்கட்டி, செவுள் சிவந்த விளைமீன் ஒன்றை வெட்டுவித்துக்கொண்டு வந்தாள். படி ஏறும்போது கால் வலிக்கவே இல்லை.

குசினி வாசலில் சாம்பிராணி மணந்தது. ஐந்து சட்டிகளும் வரிசையாக இருந்தன. ஐந்துக்கும் விபூதிக் குறி, சந்தனப் பொட்டு. ஐந்திலும் பால் பொங்கி வடிந்திருந்தது. சிவப்பு ரிபனை யாரோ பக்குவமாக அவிழ்த்து, மடித்து, தட்டில் வைத்திருந்தார்கள்.

மச்சாள் குளித்து முழுகி, முகம் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றார். "புதுச் சட்டியளைச் சும்மா அடுப்பிலை ஏத்தக்கூடாது. பிள்ளையாருக்குக் காட்டி அஞ்சிலையும் பால் காய்ச்சினனான்."

"என்ரை மச்சச் சட்டியிலையும் காய்ச்சினனீங்களோ?"

"அதை மட்டும் விட்டால் குறை வராதே? ஆனால் பிள்ளை, பால் பொங்கின சட்டியிலை ஆராவது மீன் வைப்பினமோ?"

அதைக் கள்ளமில்லாமல் கேட்டார். அதுதான் அருந்ததிக்குப் பொறுக்கவில்லை. தடுத்திருந்தால் மீறியிருப்பாள். பிள்ளையாருக்குப் பால் பொங்கிய சட்டியில் மீனைப் போட அவள் கையே வராது. அது மச்சாளுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நேற்று இரவே ஒரு துண்டு மீனைப் போட்டு அலசி வைத்திருந்தால் இந்தக் கதி வந்திராது. நல்ல மீனாகப் பார்த்து வாங்கப் போன தன் புத்தியை என்ன சொல்வது? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. இரத்தினசிங்கம் பேப்பருக்குப் பின்னாலிருந்து, அக்கா ஆசையாய்ச் செய்துவிட்டார், விடும் என்றார். அந்தப் பேப்பரோடு அவரையும் சேர்த்துக் கொளுத்தலாம்போல அவளுக்கு இருந்தது.

மீன் பையோடு குசினிக்குள் போய், துடைத்து அடுக்கியிருந்த புதுச் சட்டிகளின் மூடிகள் ஐந்தையும் ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனாள்.

மத்தியானம் பருப்பு கொதித்தபோது மச்சாள் மூடி தேடிக்கொண்டு பல்கனிக்கு வந்தார். பல்கனி நிலத்தில் ஐந்து மூடிகளும் மல்லாந்து, குமிழில் ஆடிக்கொண்டு கிடந்தன. ஒவ்வொன்றிலும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிய மீன் துண்டுகள். மச்சாள் சேலைத் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோனார்.

"மூடியளிலை நீங்கள் பால் காய்ச்சேல்லை, மச்சாள்," என்றாள் அருந்ததி, திரும்பிப் பார்க்காமல்.

மச்சாள் உள்ளே போய்ப் பருப்பை ஒரு சாப்பாட்டுத் தட்டால் மூடினார். அருந்ததி நெளிந்த அலுமினியச் சட்டியை அடுப்பில் வைத்து நெருப்புக்குச்சியைக் கிழித்தாள். காற்று அணைத்தது. இன்னொன்றை எடுத்தாள்.