புற்றுக்கு வைத்த முட்டை

சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். அதனால்தான் நான் அந்த இயற்கைப் பூங்காவுக்குப் போக ஆரம்பித்தேன். நான் இருக்கும் சிலிபினிலிருந்து மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரம். முன்பு அது ரப்பர் தோட்டம். இப்போது வாசலில் ஒரு சின்னக் கட்டடம். உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் காய்ந்த இலைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் இருக்கும். பின்னால் நடைபாதைகள். இரண்டாம் பாதை, வெட்டாமல் விட்ட ரப்பர்ப் பால் மரங்களுக்கு நடுவே போகும். சீனத் தம்பதிகள் ஜோடி ஜோடியாக நடந்து வந்து "மோர்னிங் அங்கிள்" என்பார்கள். நானும் சொல்வேன். சில நாள் பொழுது முழுக்க நான் வாய் திறந்து சொன்னது அந்த ஒரு வார்த்தைதான்.

என் மனைவி தவறிப்போய் அப்போது ஐந்து மாதம். எங்கள் ஒரே மகள் ஜொகூரில் இருக்கிறாள். கல்யாணமாகி ஏழு வருடமாகியும் பிள்ளை இல்லை. அதற்காக மனைவி, நாகம்மாள் சாமிக்கு நேர்ந்துகொண்டு, நாற்பத்தெட்டு வெள்ளிக்கிழமை கோயில் புற்றுக்குப் பாலும் முட்டையும் வைப்பதாக இருந்தாள். முப்பத்தொன்றோடு போய்விட்டாள். மிச்சத்தை நான்தானே முடிக்க வேண்டும்? ஆனால் கோயிலுக்குப் போனால், "அக்கா இல்லாம எப்படிண்ணே சமாளிக்கிறீங்க?" என்று புற்றைச் சுற்றி நிற்கும் பெண்களெல்லாம் கேட்டார்கள். நல்ல மனதோடுதான் கேட்டார்கள். இரண்டு வெள்ளிக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

பூங்காவில் இரண்டாம் பாதையோரம் இடுப்பு உயரத்துக்கு ஒரு புற்று இருந்தது. நாகம்மாளே இடம் காட்டிவிட்டாள் என்று நினைத்தேன். மஞ்சள் தடவிக் குங்குமம் வைப்பேன். பொந்துக்குள் பாலை ஊற்றி, பக்கத்தில் பச்சை முட்டையை வைத்து, மகள் பெயரைச் சொல்லிக் கும்பிடுவேன். பிறகு, மனைவியிடம் சொல்வதுபோல வீட்டு விஷயம் கொஞ்சம் பேசுவேன். அடுத்த வெள்ளி போனால் முட்டை இருக்காது. நாகம் ஏற்றுக்கொண்டது என்று மனம் குளிரும்.

இன்னும் நான்கு வெள்ளி பாக்கி இருந்தபோது, பூங்காவில் வேலை செய்யும் தமிழ்ப் பெண் ஒருத்தி என் பின்னாலேயே வந்து நின்றாள்.

"அங்கிள், முட்ட வைக்கிறது நீங்கதானா? எத்தன நாளா தேடிக்கிட்டு இருக்கேன் லா."

"நேர்த்திம்மா. பாம்பு எடுத்துக்குது."

"பாம்பா? மேல பாருங்க."

பால் மரக் கிளையில் ஏழெட்டுக் குரங்குகள் உட்கார்ந்து என் பையையே பார்த்துக்கொண்டிருந்தன.

"வெள்ளிக்கெழம ஆனா குடும்பத்தோட வந்து பசியாறிட்டுப் போவுது. இப்ப பை வச்சிருக்கிற யாரப் பாத்தாலும் பாயுது. நேத்து ஒரு சீன ஆன்ட்டி விழுந்து கை பிசகிருச்சு. இங்க பாருங்க, நீங்க பால் ஊத்தி ஊத்தி ஒரு பக்கமே கரைஞ்சிருச்சு. கரையான் வீடு அங்கிள் இது, பாவம்லா."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். சாமிக்குச் செய்கிறேன் என்று நானே புற்றை இடித்திருக்கிறேன்.

"இன்னும் நாலு வாரந்தாம்மா. முடிச்சிர்றேன்."

"முடியாது அங்கிள். ஆபீஸ்ல தெரிஞ்சா உங்கள உள்ளயே விடமாட்டாங்க. நீங்க வாங்க, நடங்க. கையில மட்டும் ஒன்னும் கொண்டாராதீங்க."

கோயில் புற்றுக்குத் திரும்பிப் போகவும் மனம் துணியவில்லை. நேர்த்தி பாதியில் நின்றால் குற்றம் மகளைத்தானே பிடிக்கும்? அன்று சாயங்காலமே அவளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லி, மன்னிப்பும் கேட்டேன்.

"அப்பா, நாங்க டாக்டர்கிட்ட போறத நிப்பாட்டி ரெண்டு வருஷமாச்சு. புள்ள வேணாம்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். அம்மாகிட்ட சொல்ல மனசு வரல. வாரா வாரம் புத்துக்குப் பால் ஊத்துறத படம் புடிச்சு அனுப்புவாங்க. அதப் பாத்துட்டு எப்படிப்பா சொல்றது?"

"நீ நல்லா இருக்கியா?"

"நல்லாருக்கோம்பா. சத்தியமா."

"சரிம்மா" என்றேன். என்னிடமும் அவள் சொல்லவில்லையே என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. போனை வைத்துவிட்டுச் சாமிக்கு விளக்கேற்றினேன். பக்கத்திலிருந்த மனைவியின் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளி வெறுங்கையோடு போனேன். குரங்குகள் இறங்கி வந்து, என் இரண்டு கையையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. புற்றின் முன்னால் கைகூப்பி நின்றேன். கேட்பதற்கு ஒன்றும் இல்லை. மனைவியிடம் நடந்ததைச் சொல்லலாம் என்றால், முப்பத்தொரு வெள்ளி பட்டினி கிடந்து பால் ஊற்றியவளிடம் எதை எடுத்துச் சொல்வது?

"புள்ள நல்லா இருக்காளாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.