குறை சொல்ல ஆளில்லாத மூளை

கொட்டாஞ்சேனையில் கல்யாணக் கார்ட் அடிக்கும் கடையொன்றில் இருபத்திரண்டு வருடமாக வடிவமைப்பாளனாக இருக்கிறேன். அக்காவின் கணவர், பொறியியலாளரான என் அத்தான், இதை ஒரு தொழிலாக ஒப்புக்கொண்டதில்லை. பிள்ளையாரை மேலே வைத்துப் பெயர்களைக் கீழே போடுவதற்கு மூளை எதற்கு என்பது அவருடைய கட்சி.

ஆகவே, அவருடைய மகள் தன் பல்கலைக்கழக ஆய்வுக்கு ஒத்திகை பார்க்க எங்கள் இருவரின் தலைகளையும் கேட்டபோது நான் முந்திக்கொண்டு சம்மதித்தேன். வடிவமைக்கும்போது தொழிலுக்குத் தொழில் மூளை வேறுவிதமாக வேலை செய்கிறதா என்பது அவளுடைய கேள்வி. என் தலைக்குள் ஏதாவது நடக்கிறது என்று அத்தானுக்குக் காட்டவேண்டும் என்பது என்னுடைய அவசரம்.

வெள்ளவத்தையில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் ஆய்வுகூடம். மூளையின் மின்னலைகளைக் கணினித் திரையில் கோடுகளாகக் காட்டுமென்று, நீச்சல் தொப்பியில் வயர்கள் முளைத்தது போன்ற ஒன்றை மாட்டிவிட்டாள். எனக்கு மயிர் குறைவு என்பதால் நன்றாக ஒட்டுகிறது என்றாள். அன்று கிடைத்த ஒரே பாராட்டு அது.

கடற்கரையோர பஸ் தரிப்பிடத்துக்கு ஓர் இருக்கை வரைய வேண்டும். முதலில் அத்தான். பென்சிலைத் தொட்டதுமே திரையில் கோடுகள் சுறுசுறுப்பாக எழும்பின. நேர்கோடு போட அடிமட்டம் வேறு கேட்டார்.

அடுத்தது நான். வழக்கம்போல வேண்டுமென்றே ஒரு பிழை விட்டேன்: இருக்கையின் ஒரு கால் மற்றவற்றைவிடக் கட்டை. இது எங்கள் கடை வித்தை. முதல் மாதிரியில் பிள்ளையாரைப் பூசணிக்காய் அளவுக்குப் பெருப்பித்து வைத்தால், மாப்பிள்ளையின் தாய் அதைப் பிடித்துக்கொண்டு குறை சொல்லத் தொடங்குவார். அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது அப்போதுதான் வெளியே வரும். அதன் பிறகே நான் யோசிப்பேன்.

இங்கே குறை சொல்ல யாருமில்லை. ஆய்வு விதிப்படி மருமகள் வாய் திறக்கக் கூடாதாம். காத்திருந்தேன். திரையில் என் மூளை பௌர்ணமிப் போயா நாள் சாராயக் கடை போல அடைத்துக் கிடந்தது.

அத்தானுக்குத்தான் பொறுக்கவில்லை.

“என்ன மச்சான், இதில இருக்கிறவன் நேரா கடலுக்கைதான் விழுவான்.”

கோடுகள் பாய்ந்து திரையின் மேல் விளிம்பைத் தொட்டன. வெற்றியோடு அத்தானைப் பார்த்தேன். மருமகள் திரையை உற்றுப் பார்த்தாள்.

“மாமா, பல்லைக் கடிச்சாலும் கோடு இப்பிடித்தான் குதிக்கும். கடிச்சனீங்களா?”

அத்தான் என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம் பிள்ளை,” என்றேன். “ஆனா யோசிச்சுக்கொண்டுதான் கடிச்சனான்.”