தறி காலியாகும் வரைக்கும்

1. பிணைக்கப் போன நாள்

ஆரணியில் ராஜம்மாள் வீட்டுக்கு நான் முதன்முதலில் போனது பாவு பிணைக்கத்தான். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீரும்போது அதன் நுனிகளை அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு சேர்த்து முறுக்க வேண்டும். விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டால் பட்டு வழுக்காது. அந்த வேலையில் என்னை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் இல்லை. இன்றைக்கும் சொல்லுவேன்.

நான் புருஷனை இழந்தவள். ராஜம்மாள் கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவள். அவள் அப்பா செத்ததும் அவருடைய குழித்தறியில் தானே இறங்கி உட்கார்ந்தாள். பெண்கள் பிணைப்பார்கள், குழியில் உட்கார மாட்டார்கள். தெருவே பேசியது. அவள் நெய்துகொண்டே இருந்தாள்.

என் பிணைப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "கரை நாடா தள்ள ஆள் இல்ல. நாளைக்கும் வர்றியா?" என்று கேட்டாள். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்றால் கரை நூல் சுற்றிய நாடாக் கட்டையைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். போனேன். கொஞ்ச நாளில் என் துணி மூட்டையும் அங்கே போய்விட்டது.

புருஷன் பெண்டாட்டி எப்படி இருப்பார்களோ அப்படித்தான் நாங்கள் இருந்தோம். அதற்கு ஒரு பேர் உண்டா என்று எங்களுக்குத் தெரியாது, தேடவும் இல்லை. சேவூரிலும் எங்களைப் போல இரண்டு பேர் இருந்தார்கள். அதில் மூத்தவள் முனியம்மாக்கா, எங்கள் சாதிப் பெரியதனக்காரருக்குக் கூடப்பிறந்தவள். பிணைப்பு வேலை அதிகமானால் இருவரும் வந்துவிடுவார்கள். "உன் ஊட்டுக்காரி சோறு போடறாளா, பட்டு நூலையே தின்னுகினு கீறியா?" என்று அக்கா என்னைக் கேட்பாள். ராஜம்மாளுக்குக் காது சிவந்துவிடும்.

2. அண்ணன் வந்தது

என் அண்ணனுக்குத் தேசூரில் நெல் வியாபாரம். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலேயே தறியை விட்டாயிற்று. அண்ணி செத்ததும் சமைத்துப்போட அவனுக்கு ஆள் வேண்டியிருந்தது. அதைச் சொல்லாமல், நான் குடும்ப மானத்தைக் கெடுக்கிறேன் என்று பெரியதனக்காரரிடம் முறையிட்டான். கோயில் முன்னால் ஆட்களைக் கூட்டினார்கள்.

"ரெண்டு பொம்பளைங்க ஒரே பாயில படுத்துகினு கீறாங்கன்னு ஊரே சிரிக்குது. என் தங்கச்சிய நான் கூட்டிகினு போறேங்க" என்றான்.

போக மாட்டேன் என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. ராஜம்மாள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் அழுதுவிடுவாள்.

பெரியதனக்காரர் வெற்றிலையை மென்று துப்பினார். "தறியில பாவு கீது. நடுவுல கை மாறினா சேலையில தெரியும். தறி காலியானதும் கூட்டிகினு போப்பா. அதுவரைக்கும் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

அண்ணன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தான். நெசவுக்காரர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பயத்தில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வீட்டுக்கு வந்ததும் ராஜம்மாள் என் கையைப் பிடித்துத் தறியின் மேல் வைத்தாள். அப்புறம்தான் விளங்கிற்று.

3. சேலை அறுத்த அன்றைக்கு

சேலை முடிந்து தறியிலிருந்து அறுத்த சேதி கேட்டு அண்ணன் மாட்டுவண்டியோடு வந்தான். மூட்டையைக் கட்டு என்றான். உள்ளே முனியம்மாக்காவும் அவள் துணையும் விரலில் சாம்பலோடு உட்கார்ந்திருந்தார்கள். புதுப் பாவில் பாதி ஏற்கெனவே பிணைந்திருந்தது.

பெரியதனக்காரரைக் கூட்டிவந்தான். அவர் குனிந்து பார்த்தார்.

"காலியாவலியேப்பா."

"அப்ப எப்பதாங்க காலியாவும்?"

"எங்க ஊட்டுத் தறி எங்க தாத்தா பூட்டினது. இன்னும் காலியாவல."

அண்ணன் வண்டிக்குத் திரும்பினான். "வந்தது வந்துட்ட, கஞ்சி குடிச்சிட்டுப் போ தம்பி" என்றாள் முனியம்மாக்கா. குடித்துவிட்டுத்தான் போனான். பிறகு வேறு கல்யாணம் செய்துகொண்டான், வண்டி வரவில்லை.

வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் ராஜம்மாள் குழியில் இறங்கினாள். மிதிக்கக் கால் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. கூடப்பிறந்த முனியம்மாக்காவை நினைத்துத்தான் அவர் அப்படித் தீர்ப்புச் சொன்னாரா என்று பெரியதனக்காரரை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் வெற்றிலைதான் மென்றிருப்பார்.

தறிக்கு வருகிற பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். சேலையை அறுத்ததும் நுனியை உருவிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த பாவு கையில் இருக்கும்போதே அறுங்கள். ராஜம்மாள் கண்ணை மூடின அன்றைக்கும் அவள் தறியில் பாவு இருந்தது. நான் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன்.