என் தங்கை ஜெயித்ததாக நான் அடித்த பேனர்

எங்கள் தொழிற்சாலையில் பிசைந்த களிமண் காயாமலிருக்க, அதன் மேல் ஈரச் சாக்கைப் போட்டு, சாக்கின் மேல் பழைய பிளெக்ஸ் பேனர் ஒன்றை விரித்து வைப்பார்கள். விருத்தாசலத்தில் பீங்கான் வேலை நடக்கிற எந்த ஷெட்டிலும் இதைப் பார்க்கலாம். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கட்சிக் கூட்டம் என்று எல்லாப் பேனரும் கடைசியில் மண்ணுக்கு மேல்தான் வந்து சேரும். போன சித்திரையிலிருந்து எங்கள் ஷெட்டில் மண்ணை மூடிக்கொண்டிருப்பது என் தங்கையின் முகம்.

முகம் கீழே இருக்கும்படி திருப்பிப் போடச் சொல்லிப் பார்த்தேன். மண் பிசைகிற அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வழவழன்னு இருக்குற பக்கம் மேல இருந்தாத்தான் சார் தண்ணி நிக்காது. உங்க தங்கச்சி சிரிச்சிக்கிட்டு இருக்குது, இருக்கட்டுமே" என்றார். நான் ஆபீஸ் அறைக்குள் போய்விட்டேன்.

தங்கை நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போய் பல வருஷங்கள் ஆகிவிட்டன. அங்கே ஒரு சின்ன ஊரில் கணவரோடும் பிள்ளைகளோடும் இருக்கிறாள். அந்த வட்டாரத்துக்கு ஒரு மாவட்ட மன்றம் உண்டு. நம் ஒன்றியத்தையும் நகராட்சியையும் சேர்த்துப் பிசைந்த மாதிரி ஒன்று. குப்பை அள்ளுவது, வீடு கட்ட அனுமதி கொடுப்பது, பூங்கா பராமரிப்பது எல்லாம் அதன் வேலை. போன வருஷம் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, அந்த மன்றத்துக்குத் தன்னை ஒரு கட்சி நிறுத்தப்போகிறது என்றாள்.

"உன்கிட்ட மட்டும்தாண்ணே சொல்றேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத. தோத்துட்டேன்னா சித்தப்பா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு."

சித்தப்பாவின் வாய் அப்படி. அவள் முதன்முதலில் விமானம் ஏறியபோதே, "வெள்ளைக்காரனுக்கு ஊசி போட நம்ம வூட்டுலேர்ந்துதான் ஆளு போவணுமா?" என்று கேட்டவர். அதை அவள் மறக்கவில்லை. எனக்கும் அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான், சரி, சொல்லமாட்டேன் என்றேன்.

எதையும் சரிபார்த்த பிறகுதான் நம்புவது என் வழக்கம். தினமும் டைரி எழுதுகிறவன். எங்கள் தொழிற்சாலையில் ஒரு லோடு பியூஸ் கட்டை வெளியே போனாலும் மூன்று இடத்தில் ஒத்துப்பார்ப்பேன். அதனால் அந்த மன்றத்தின் தேர்தல் வரலாறு முழுவதையும் இணையத்தில் தேடி எடுத்தேன். எழுபதுகளில் மன்றம் உருவானதிலிருந்து எல்லாத் தேர்தலும் ஒரே பக்கத்தில் அட்டவணையாக இருந்தன. ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு நிறம். சில வருஷங்கள் நீலம் ஆண்டது, சில வருஷங்கள் சிவப்பு. பல வருஷங்கள் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஒரு காலத்தில் மொத்த இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் ஒரு வருஷம், இன்னொரு பங்குக்கு அடுத்த வருஷம் என்று தேர்தல் நடத்தியிருக்கிறார்கள். எனக்கு அந்த ஒழுங்கு மிகவும் பிடித்துப்போனது. சாப்பிட்டு முடித்ததும் போனை எடுத்து அதையே படித்துக்கொண்டிருப்பேன். எங்கள் வார்டு கவுன்சிலர் முன்பு எந்தக் கட்சியில் இருந்தார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த ஊரில் எந்த வார்டில் யார் கட்சி மாறினார் என்பது தெரியும்.

தங்கை நின்ற வார்டுக்கு மூன்று உறுப்பினர்கள். அந்த வரிசையில் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம், மஞ்சள். அவள் கட்சியின் நிறம். ஒரு தடவைகூட மாறியதில்லை. அட்டவணையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. வார்டு எல்லைகள் மாற்றியமைக்கப்பட்டிருக்கின்றன, அடுத்த தேர்தல் புதிய எல்லைகளின்படி நடக்கும் என்று. அதைப் படித்தேன். தங்கையும் ஒருமுறை போனில் சொன்னாள். "பேரு மட்டுந்தாண்ணே பழசு. புதுசா கட்டுன வூடுங்க எல்லாத்தையும் இதுல சேர்த்துட்டாங்க. அங்க எங்களுக்கு ஆளே இல்ல." வேட்பாளருக்கு வருகிற பயம் என்று நினைத்து, தைரியமாக இரு என்றேன். ஐம்பது வருஷத்து மஞ்சள் எனக்குப் போதுமானதாக இருந்தது.

அந்தச் சித்திரையில் சித்தப்பாவின் பேத்திக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் விசேஷம் என்றால் முக்கியமான உறவுக்காரர்கள் ஆளுக்கொரு பேனர் வைப்பார்கள். எங்கள் வீட்டுப் பேனரும் மண்டப வாசலில் நிற்க வேண்டும். அங்கே வியாழக்கிழமை ஓட்டுப்பதிவு, இரவோடு இரவாக எண்ணி முடித்துவிடுவார்கள். காதுகுத்து வெள்ளிக்கிழமை. முகூர்த்த நாள் என்பதால், புதன்கிழமைக்குள் மேட்டர் கொடுத்தால்தான் அடித்துத் தரமுடியும் என்றார் பிளெக்ஸ் கடைக்காரர்.

புதன்கிழமை என் கைப்படவே எழுதிக் கொடுத்தேன். குழந்தையின் படத்துக்குப் பக்கத்தில், குழந்தையைவிடப் பெரிதாகத் தங்கையின் படம். கீழே மன்றத்தின் முழுப் பெயர், வார்டின் பெயர், "மாவட்ட மன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ள குழந்தையின் அத்தை" என்ற வரி. அதன் கீழே, மன்றம் தோன்றிய நாள் முதல் இந்த வார்டு அவரது கட்சியின் கோட்டை என்று அடைப்புக்குறிக்குள் ஒரு விவரம். கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, "இது தேவையா சார்? எடம் பத்தாது" என்றார். எழுத்தைச் சின்னதாக்கியாவது போடச் சொன்னேன்.

சித்தப்பா மண்டப வாசலில் நின்று அதை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் நான் அப்போது யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போதே பேனரைக் கட்டிவிட்டார்கள். முதலில் வந்த உறவுக்காரர்கள் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டார்கள். வாழ்த்துகள் குவிந்தன. மண்டபத்தில் எனக்குக் கைகொடுத்தார்கள். பந்தியில் என் இலைக்கு மட்டும் இரண்டாவது வடை வந்தது. சித்தப்பா பேனரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பரவால்லையே, ஊசி போடப் போன புள்ள ஊரையே புடிச்சிட்டாளே" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவர் குரலில் கிண்டல் இல்லை.

நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது தங்கை குரூப்பில் எழுதினாள். "எல்லாருக்கும் நன்றி. நான் தோத்துட்டேன். கொஞ்ச ஓட்டுல போச்சு. அண்ணனுக்கு யாரோ தப்பா சொல்லிட்டாங்க போல."

ஓட்டு எண்ணுகிற இடத்திலிருந்து விடிகிற நேரத்தில் வீட்டுக்குப் போய், குளிருக்குப் போட்ட மேல்கோட்டுகூடக் கழற்றாமல் அதை எழுதியிருக்கிறாள். பின்னால் அவள் கணவர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். அத்தனை வாழ்த்துகளையும் படித்துவிட்டு, அதற்குப் பிறகும் என்னைக் காப்பாற்ற ஒரு "யாரோ"வைத் தேடியிருக்கிறாள்.

நான் அந்த யாரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். விவரம் கேட்டவர்களிடம், "அங்கேர்ந்து ஒரு தகவல் வந்திச்சு..." என்று இழுத்தேன். யாரும் தோண்டிக் கேட்கவில்லை. சித்தப்பாகூட, "வுடுப்பா, தேர்தல்னா அப்படித்தான்" என்று முடித்துக்கொண்டார். பேனரை நானே அவிழ்த்தேன். வீட்டில் வைக்க மனசு வரவில்லை, கிழிக்கவும் வரவில்லை. தொழிற்சாலையில் ஒரு மூலையில் கொண்டுபோய்ப் போட்டேன். மறுநாளே அது மண்ணுக்கு மேல் ஏறிவிட்டது.

அதன் பிறகும் தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்தாள். பிள்ளைகள், மழை, எனக்கு சுகர் எவ்வளவு இருக்கிறது என்றெல்லாம் பேசினாள். பேனரைப் பற்றிக் கேட்கவே இல்லை. மன்றத்தைப் பற்றியும் பேசவில்லை.

இந்த வருஷம் மாசியில் ஒருநாள் அந்த அட்டவணையைத் திறந்தேன். பழக்கம் போகவில்லை. அவள் வார்டில் ஒரு உறுப்பினர் ராஜினாமா செய்து, இடைத்தேர்தல் அறிவித்திருந்தார்கள். வேட்பாளர்களில் தங்கையின் பெயரும் இருந்தது. அதற்கு முந்தைய ஞாயிறுதான் அரைமணி நேரம் பேசியிருந்தாள். இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. ஓட்டுப்பதிவுக்கு மறுநாள் மதியம் பார்த்தபோது புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. மஞ்சள். அவள் ஜெயித்திருந்தாள்.

அவள் கூப்பிடுவாள் என்று போனை மேசைமேலேயே வைத்திருந்தேன்.

சாயந்திரம் சித்தப்பா ஸ்வீட் பாக்ஸோடு ஷெட்டுக்கே வந்துவிட்டார்.

"பாப்பா ஜெயிச்சிட்டாளாம்பா! இப்பத்தான் போன் பண்ணுச்சு. உனக்குத் தெரியும்ல?"

தெரியும் என்றேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. அதற்குள் அவர் கண் மண்குவியல் மேல் போய்விட்டது. கிட்டே போய்ப் பேனரில் ஒட்டியிருந்த மண்ணைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"இது அந்த பேனரு இல்ல? எடுத்துக் கழுவிக் கட்டுப்பா. இப்ப எழுதுனது எழுதுனபடி சரியாத்தானே இருக்குது."

மண் பிசைகிற அம்மா சிரித்தார். எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

"சித்தப்பா, அன்னைக்கு எனக்கு யாரும் தப்பா சொல்லல. ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே நானேதான் அடிச்சேன். அவ சொல்லவேணாம்னு சொல்லியும் அடிச்சேன்."

சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அது தெரியாதா எங்களுக்கு? மன்றம் தோன்றிய நாள் முதல்னு உன்ன வுட்டா எவன்டா எழுதுவான்? புதன்கிழமையே அடிச்சாச்சுன்னு கடைக்காரன் அன்னைக்கே சொல்லிட்டான்."

"ஒருத்தரும் தோண்டிக் கேக்கலையே..."

"பாப்பா எனக்குப் போன் பண்ணுச்சு, பந்தி நடக்கும்போதே. அண்ணன ஒண்ணும் கேக்காதீங்க சித்தப்பா, அது தாங்காதுன்னுச்சு. நான்தான் எல்லார் வாயையும் அடைச்சேன்."

யாருடைய வாய்க்குப் பயந்து அவள் என்னிடம் மட்டும் சொன்னாளோ, அவரிடமே எனக்காகக் கேட்டிருக்கிறாள். அவரும் பத்து மாசமாக அதைக் காப்பாற்றியிருக்கிறார். அவள் என்னிடம் கேட்டதோ முடிவு வரும்வரை மட்டும் மூச்சு விடாமலிருக்கத்தான்.

சித்தப்பா பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை நான் பிடிப்பதற்காகக் காத்திருந்தார்.

"வேணாம் சித்தப்பா. அவ என்கிட்ட இன்னும் சொல்லல" என்றேன்.

அவர் முனையைக் கீழே விட்டுவிட்டு, ஸ்வீட் பாக்ஸைப் பிரித்து முதலில் அந்த அம்மாவிடம் நீட்டினார்.